ஸ்டூலில் ஏறி விட்ட சொட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளை ஸ்டூலக்கா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆள் குள்ளம். எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டின்மேல் சொட்டவிட உயரம் வேண்டும். தாழ்வாக விட்டால் குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ரொம்ப மேலேயிருந்து விட்டால் சிதறி அடுத்த செல்லோடு கலந்துவிடும். அவள் ஸ்டூலில் ஏறி விடுகிற சொட்டு மட்டும் அளவெடுத்தாற்போல் விரியும். கைராசி என்பார்கள். ராசியாவது மண்ணாவது, அத்தனையும் பழக்கம்!

வீட்டில்தான் அந்தக் கைக்கு மதிப்பில்லை. "எலி அறுக்குறேன்னு வெளிய சொல்லாதடி, மானம் போகுது" என்பாள் அம்மா. சொந்தக்காரர்கள் கேட்டால், "ஏதோ கம்பெனியில வேலை" என்று மழுப்பிவிடுவாள்.

முள்மயிர் எலி, பட்டுமயிர் எலி என்ற இரண்டு இனங்களுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பாடம் செய்து வைத்த எலிகளுக்கு அலமாரியில்கூட வேறுவேறு இழுப்பறை. இவளோ, இரண்டும் நெருங்கிய பங்காளிகள் என்றாள். சாயம் ஏற்றி, குரோமோசோம்களின் மேல் வரிவரியாகத் தெரியும் பட்டைகளை ஒப்பிட்டால், பட்டுமயிரின் இரண்டு குட்டைக் குரோமோசோம்கள்தான் முள்மயிரில் முனையோடு முனை சேர்ந்து ஒரே நெட்டையாகியிருந்தன. மற்றதெல்லாம் அச்சு அசல்.

துறைத்தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கும்மா. இன்னொரு முள்மயிர்ல காட்டு. இல்லன்னா கட்டுரையிலருந்து எடுத்துடு."

இன்னொரு முள்மயிரின் செல்கள் மிச்சமிருந்தது ஒரே குழாயில்தான். பல வருட உழைப்பு அதற்குள் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நிற்க, ஸ்டூலில் ஏறினாள்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மூச்சு தகட்டுல படுது."

மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். அப்புறம்தான் சொட்டு விழுந்தது.

சாயம் ஏற்றிய தகட்டை அவரே நுண்ணோக்கியில் வைத்தார். ஒரு செல் பார்த்தார், இன்னொன்று பார்த்தார், நகர்த்திக்கொண்டே போனார்.

"தனியாத்தான் கிடக்குது. எதுவும் எது மேலயும் விழல. எல்லா செல்லுலயும் அதே நெட்டை."

எழுந்தவர், ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டுபோய் அலமாரிக்கு முன்னால் போட்டார்.

"ஏறுங்க. நீங்களே மாத்தி வைங்க."

அத்தனை வருடத்தில் முதல் 'நீங்க'. முள்மயிரை எடுத்துப் பட்டுமயிரின் பக்கத்தில் வைத்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா 'உம்' கொட்டியதோடு சரி. இவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் சித்திக்கு போன் போயிருந்தது. தெருவுக்கே கேட்கிற குரல்.

"கம்பெனியெல்லாம் இல்லடி! எலி ஆராய்ச்சி! பிரிஞ்சு கிடந்த குடும்பத்தையே சேர்த்து வச்சிருக்கா என் பொண்ணு!"