தோச்கா படிக்காத தாள்

எங்கள் குடியிருப்பில் தோச்காவுக்குத் தெரியாமல் யாரும் சாக முடியாது. காலையில் ரொட்டி வாங்கக் கிளம்பினால் பத்து நிமிட வழிக்கு அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பிளாக் வாசலிலும், பஸ் நிறுத்தத்திலும், மரத்திலும் ஒட்டியிருக்கும் அஞ்சலித் தாள்களை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் நகர்வாள். யார் போனார்கள், துக்கத்தோடு கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார், எந்த மருமகள் பெயரை விட்டுவிட்டார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நாற்பதாம் நாள் ஒட்டுவார்கள், அரை வருடத்துக்கு ஒட்டுவார்கள், ஒரு வருடத்துக்கும் ஒட்டுவார்கள். அதோடு நிறுத்திக்கொள்கிறவர்களைக் கண்டால் தோச்காவுக்கு ஆகாது.

"மூணாம் வருஷத் தாள் ஒட்டல பாத்தியா, நாலாவது பிளாக்காரி? புருஷன் இருந்தப்போ கார் வாங்கித் தா, கோட்டு வாங்கித் தான்னு உயிர எடுத்தா. இப்ப ஒரு காகிதம் ஒட்ட முடியல அவளால!"

அவள் சொல்லலாம். அவள் கணவன் ஸ்தாமெனுக்கு மூன்றாம் ஆண்டும் ஒட்டினாள், ஐந்தாம் ஆண்டும் ஒட்டினாள். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நாலு மூலையிலும் டேப் ஒட்டி. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாக சூப் கிண்டியவள். பிள்ளை குட்டி இல்லை. ஸ்தாமென் எங்கள் ஊர் பிளோவ்டிவிலிருந்து மலைமேல் இருக்கும் ஸ்மோல்யானுக்கு பஸ் ஓட்டினான். வெள்ளிக்கிழமை கடைசி வண்டியை எடுத்துக்கொண்டு போய், அங்கேயே படுத்து, சனிக்கிழமை முதல் வண்டியில் திரும்புவான். ஐம்பத்தேழு வயதில் மாரடைப்பு. அவனைப் பற்றிப் பேசும்போது தோச்காவின் குரல் நேராக நிமிர்ந்து உட்காரும். "என் ஸ்தாமென் குடிச்சதில்ல, கை ஓங்கினதில்ல, ஒருத்திய ஏறெடுத்துப் பாத்ததில்ல" என்பாள். இதை வாரத்தில் மூன்று முறையாவது கேட்டிருப்பேன்.

நான் பவ்லினா. மூன்றாம் மாடியில் அவளுக்கு எதிர்க்கதவு. அவளைவிட எட்டு வயது சின்னவள். வேலைக்குக் கிளம்பும் முன் அவள் வீட்டில் காப்பி குடிக்காமல் நான் படியிறங்கியதில்லை. என் வேலை, மலைமேல் பழைய ஊரில் ஒரு சின்ன மியூசியத்தில். ஒரு காலத்தில் கம்பளி வியாபாரி குடியிருந்த வீடு. மேலே மரத்தில் செதுக்கிய கூரை, கீழே சுவரெல்லாம் நவீன ஓவியம். ஐந்தே அறைதான். யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

இந்த வசந்தத்தில் நான்காம் அறைக்குப் புதிதாக ஒன்று வந்தது. இந்த ஊர் ஓவியர் ஒருவர், பன்னிரண்டு வருடமாகச் சுவர்களிலிருந்து உரித்துச் சேர்த்த அஞ்சலித் தாள்களைத் தரையிலிருந்து கூரை வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார். முந்நூறுக்கு மேல் இருக்கும். பெயர், 'அண்டை வீட்டார்'. என் நாற்காலி அதற்குக் கீழேயே. மூன்று வாரம் முதுகை அதற்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, ஒருநாளும் நிமிர்ந்து படித்ததில்லை. சத்தியமாகத்தான் சொல்கிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, தோச்காவைக் கூப்பிட்டதும் நானேதான்.

"அக்கா, முதல் வியாழக்கிழமை பென்ஷன்காரங்களுக்கு இலவசம். ஒரு சுவர் முழுக்க உனக்குன்னே செஞ்சு வெச்சிருக்காங்க. வந்து பாரு."

வந்தாள். நல்ல கோட்டு, உதட்டுச் சாயம், கையில் பை. பைக்குள் ஸ்தாமெனின் பத்தாம் ஆண்டுத் தாளுக்கான வாசகம். திங்கட்கிழமை பத்து வருடம் முடிகிறது. போகும் வழியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 'என்றும் எனக்கே உரியவருக்கு' என்று போடுவதா, 'என் ஒரே துணைக்கு' என்று போடுவதா என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

செருப்புக்கு மேல் நீல நிற பிளாஸ்டிக் உறையை மாட்டச் சொன்னதும், "ஆஸ்பத்திரியா இது?" என்றாள். முதல் அறையில் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் கட்டிலைப் பார்த்து, "படுக்கிறவன் எங்க, விழுந்துட்டானா?" இரண்டாவதில் வெறும் நீலம் பூசிய துணி. "எங்க வீட்டு பாத்ரூம் இதவிட நல்லா அடிச்சிருக்கு." மூன்றாவதில், டிவியில் ஒருவன் ஓயாமல் படிக்கட்டு கழுவிக்கொண்டிருந்தான். "இவன நம்ம பிளாக்குக்கு அனுப்புடி, பவ்லினா. ஒரு வாரம் முறை போட்டுருவோம்." அங்கிருந்த இரண்டு மாணவிகள்கூடச் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காம் அறையில் அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கீழ்வரிசையில் ஆரம்பித்தாள்.

"இவன் ஆறாவது பிளாக் எலக்ட்ரீஷியன். இவ நம்ம பள்ளிக்கூடத்து டீச்சர், பாவம், புற்றுநோய். அடடா, இந்தக் கிழவனா? இவன் செத்தப்போ ஒருத்தரும் அழல. அழுத மாதிரி எழுதியிருக்கானுங்க பாரு!"

மேல்வரிசை எட்டவில்லை. "உன் நாற்காலிய குடு" என்றாள். கூடாதுதான். கொடுத்தேன். ஏறி நின்று படித்துக்கொண்டே போனவள், ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். தோச்காவின் வாய் ஓய்ந்தால் எனக்கு உடனே தெரியும்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஸ்தாமென். சவ அடக்கத்துக்கு வைத்த டை கட்டிய போட்டோ இல்லை. பனிக்கு நடுவில் ஸ்வெட்டரோடு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். முன்பல் உடைந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. அதன் கீழே அச்செழுத்தில், 'ஓராண்டு. ஸ்தாமென், வெள்ளிக்கிழமைகள் வருகின்றன. நீ வருவதில்லை.' அதற்குக் கீழே வேறு யாருடைய தாளோ மேலேறி ஒட்டியிருந்ததால் மிச்சம் மறைந்திருந்தது.

"இது நான் ஒட்டினது இல்ல" என்றாள் தோச்கா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "இந்தப் போட்டோ என்கிட்ட இல்ல. அந்தப் பல்லுக்குக் கூச்சப்பட்டு என்கூட எடுத்த ஒரு போட்டோலயும் அவரு வாயத் திறந்ததில்லடி."

அவளைத் தாங்கி இறக்கலாம் என்று கையை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை.

"இத உரிச்சவன் ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கான். ரொடோபி பஸ் நிலையம்னு. ஸ்மோல்யான் வண்டி நிக்கிற எடம். அங்கதான் ஒட்டியிருக்கா. நம்ம பக்கம் யாரும் பாத்திருக்க மாட்டாங்க, இல்ல?"

"யாரும் பாத்திருக்க மாட்டாங்க அக்கா."

"யாரா இருக்கும் இவ?"

அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. "யாரோ செவ்தாவாம். விட்டுத் தள்ளு. செத்தவன் மேல என்ன கோபம்" என்றேன்.

தோச்கா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலி மேலிருந்தபடியே என்னைப் பார்த்தாள்.

"பேரு இங்க இல்லையே, பவ்லினா."

மாணவிகள் அடுத்த அறைக்கு நழுவினார்கள். நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் வேறு வழி இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலை ஆறு மணிக்குக் குப்பை கொட்டப் போனபோது எங்கள் பிளாக் கதவில் இதே தாள் ஒட்டியிருந்தது. செத்தவன் குடியிருந்த வாசலில் ஒட்டுவதுதானே முறை. செவ்தாவுக்கும் அந்த முறை தெரிந்திருக்கிறது. முந்தின நாள் தோச்கா ஒட்டிய ஓராண்டுத் தாளுக்கு அருகிலேயே, கோணல் இல்லாமல் ஒட்டியிருந்தாள். நான் கிழித்து எடுத்துவிட்டேன். தோச்கா ரொட்டிக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"உனக்காகத்தான் அக்கா. நீ தாங்க மாட்டன்னு."

"கீழ என்ன எழுதியிருந்துச்சு?"

"இப்ப எதுக்கு அது?"

"என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டேன்."

சொன்னேன். "'பதினொரு வருஷம் எனக்காக அந்த மலை ஏறி வந்தாய். கூப்பிட எனக்கு உரிமை இல்லை, அழ உண்டு. உன் செவ்தா, ஸ்மோல்யான்.'"

தோச்கா நாற்காலியிலிருந்து தானே இறங்கினாள். ஒரு காலில் நீல உறை கழன்று தொங்கியது.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னால ஒரு தடவ பாத்தத ஒரு சொல் மாறாம ஒப்பிக்கிறியேடி," என்றாள். "தெனமும் என் காப்பியக் குடிச்சுட்டுப் போய் எத்தன தடவ எடுத்துப் படிச்ச?"

அந்தத் தாளை நான் தூக்கிப் போடவில்லை. சமையலறை மேசையில், கரண்டி போடும் இழுப்பறைக்குள், நாலாக மடித்து வைத்திருந்தேன். அவள் நன்மைக்காகக் கிழித்தேன் என்பது உண்மை. வைத்திருந்தது அவள் நன்மைக்காக இல்லை. "என் ஸ்தாமென் ஒருத்திய ஏறெடுத்துப் பாத்ததில்ல" என்று அவள் நிமிர்ந்து உட்காரும் ஒவ்வொரு காலையிலும் காப்பிக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். என் கணவன் என்னை விட்டுவிட்டுப் போனது இந்தக் குடியிருப்புக்கே தெரியும். அவளுடையது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது. இப்போது எழுதவே கூசுகிறது.

அவள் ஐந்தாம் அறையைப் பார்க்கவில்லை. பையில் இருந்த பத்தாம் ஆண்டு வாசகத்தை எடுத்து, படித்துப் பார்த்து, நாற்காலி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை காப்பி வாசனை எதிர்வீட்டிலிருந்து வந்தது. கதவு திறக்கவில்லை. சனிக்கிழமை அவளே என் கதவைத் தட்டினாள்.

"எடுத்துட்டு வா."

வைத்திருக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. போய் எடுத்துக்கொண்டு வந்தேன். மடிப்புகளில் தாள் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது. அவள் அந்த மடிப்பு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எழுத்தைப் படிக்கவில்லை.

"அக்கா, அவன் செஞ்ச துரோகத்துக்கு என்ன..."

"அவன் என்கிட்ட மறைச்சான். மறைக்கிறவன் பயந்துகிட்டாவது இருந்திருப்பான். நீ தெனமும் என் எதிர்ல உக்காந்து நான் சொல்றதக் கேட்டுக்கிட்டு இருந்த. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுன்னு கேட்ட." தாளை அதே மடிப்பில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை வேலைக்கு இறங்கினேன். கதவில் பத்தாம் ஆண்டுத் தாள் இருக்குமா இருக்காதா என்று மாடிப்படியிலிருந்தே எட்டிப் பார்த்தேன். அந்தத் தாள் இல்லை. செவ்தாவின் தாள்தான் இருந்தது. நான் கிழித்த கிழிசலைப் பின்னால் டேப் போட்டுச் சேர்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நாலு மூலையும் ஒட்டி. ஸ்தாமென் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்குக் கீழே, துக்கத்தோடு கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயர் வரும் இடத்தில், தோச்காவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. 'இந்தத் தாளை ஒன்பது ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தவர்: பவ்லினா, மூன்றாம் மாடி.'

என் கை தானாக மேலே போனது.

"கிழிங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ரொட்டிப் பையோடு தோச்கா நின்றிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் என்னை ஒருமுறைகூட மரியாதையாகக் கூப்பிட்டதில்லை அவள். "கிழிச்சா மறுபடி ஒட்டுவேன். இனிமே இது உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் இல்ல."

அதற்குள் இரண்டாம் மாடி தபால்காரர் இறங்கி வந்தார். நாங்கள் எல்லோரும் நிற்கிற மாதிரியே நின்றார். உதடு அசைய மேலிருந்து கீழாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் தோச்காவைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார்.