எங்கள் வசம் இருந்த முயல்

அந்த முயல் எங்களுடையது இல்லை. ஆறு வருஷமாக இதை நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்த ஜெர்மன்காரம்மா, எழுபதுகளின் கடைசியில் ஊருக்குக் கிளம்பும்போது, இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கூடையோடு என் கையில் கொடுத்தாள். அடுத்தவர் பொருளுக்கு நாம் எப்படிப் பெயர் வைப்பது? ஆகவே அது கடைசிவரை வெறும் முயல்தான்.

இரண்டு மாதம் ஆறு வருஷமானது. அது ரேடியோ ஒயரைத் தின்றது, என் பாவாடை நாடாவைத் தின்றது, தூக்கினால் விரலைக் கடித்தது. "அவங்க வரட்டும், இதத் தூக்கிக் கையில குடுத்துட்டுதான் எனக்கு மறுவேலை" என்று நானும் தினம் ஒருமுறை கத்திவிடுவேன். என் வீட்டுக்காரர் தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஆள் வந்து வாங்கிக்கொள்ளாத பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது அவருக்குப் பழகிய தொழில். சாயங்காலம் சைக்கிள் கேரியரில் அருகம்புல் கட்டோடு வருவார். கேட்டால், "வழியில இருந்துச்சு" என்பார். அருகம்புல் வழியில் கட்டாகக் கட்டியா கிடக்கும்?

ஒருநாள் அது கொத்தமல்லியை வாயில் வாங்கிக் கீழே போட்டது. கொழுப்பு என்று திட்டினேன். மூன்றாம் நாள் தாடையெல்லாம் எச்சில் வடிந்து நனைந்திருந்தது. தூக்கினால் விலா எலும்பு கையில் தட்டுப்பட்டது.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பசுமாட்டோடு காத்திருந்த அடி அண்ணாமலை கிராமத்துக்காரர் கூடையை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கொழம்புக்கு ஆவறதுக்கெல்லாமா டாக்டரு?" என்றார். "வாயை மூடுய்யா" என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. சரி, பேசியிருக்கிறேன். முயலுக்காகப் பேசியதில்லை.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "கடவாப்பல்லு வளர்ந்து நாக்கைக் குத்துதும்மா. பசி இருக்கு, மெல்ல முடியல. மயக்க மருந்து குடுத்துப் பல்லை வெட்டணும். ஆனா வயசு ஆயிடுச்சு. மருந்து கொஞ்சம் ஜாஸ்தியானா எழுந்திருக்காது. கம்மியானா பாதியிலேயே எழுந்துக்கும்."

"வெட்டலன்னா?"

"ஒரு வாரம் தாங்கும்."

"இதுக்கு முன்னாடி முயலுக்கு மயக்க மருந்து குடுத்திருக்கீங்களா சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"காலேஜ்ல நிறைய குடுத்திருக்கேன். எழுப்பினதில்ல. அங்க எழுப்பற வேலை இல்ல."

போயும் போயும் பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வெட்டவே வேண்டாம், மடியில் நிம்மதியாகப் போகட்டும் என்றேன். வெட்டித்தான் ஆகணும் என்றார் அவர். மறுநாள், பட்டினி போட்டுக் கொல்வது ஒரு நிம்மதியா என்று நான் கட்சி மாறினேன். அதற்குள் அவரும் மாறியிருந்தார். சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. கடைசியில் அவர், "அவங்க பொருளாச்சே, ஒரு வார்த்தை கேக்காம எப்படி வெட்டறது?" என்றபடி நீலநிற வெளிநாட்டுக் கடிதத்தாளை எடுத்துவைத்து, 'தாங்கள் எங்கள் வசம் விட்டுச்சென்ற முயல் தொடர்பாக' என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"இது போய்ச் சேரவே பத்து நாள் ஆவுமேங்க!"

"தெரியும்" என்றார், ஒட்டினார், போய்ப் போட்டுவிட்டும் வந்தார்.

அன்று மாலை இங்க் ஃபில்லரில் கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன். அது என் மணிக்கட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தது. விரல் வாயருகிலேயே இருந்தும் கடிக்கவில்லை. கடிக்காத முயலை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. "நாளைக்கு வெட்டிடலாங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஒரு படிவத்தை எடுத்தார். மாட்டுக்காக அச்சடித்தது.

"கறவையா?"

"ஆண்."

"கொம்பு?"

"நீங்களே பாத்து எழுதிக்குங்க."

"உரிமையாளர்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "உரிமையாளர் வெளிநாட்டுல இருக்காங்க" என்றார் வீட்டுக்காரர்.

கம்பவுண்டர் பேனாவை மூடினார். "உரிமையாளர் கையெழுத்து இல்லாம தொட மாட்டோம் சார். நாளைக்கு எதுனா ஆயிடுச்சின்னா யாரு பதில் சொல்றது?"

அடுத்தவருக்கு வந்த தபாலில் ஒருநாளும் கையெழுத்துப் போடாத மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் பேனாவைப் பிடுங்கி என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "எங்க முயல்தான். செத்தா நான் கொன்னதா இருக்கட்டும்."

அரை மணி நேரம் மாடு கட்டும் கம்பத்தருகே நின்றோம். டாக்டர் வியர்த்து வழிய வந்தார். "வெட்டியாச்சு. இன்னும் எழுந்துக்கல."

துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். துணி மாதிரி தொங்கியது. எனக்கு மந்திரமா தெரியும்? தெரிந்ததைச் செய்தேன், திட்டினேன். "எழுந்துரு சனியனே. ரேடியோ ஒயரத் தின்னியே, என் நாடாவத் தின்னியே, இப்ப எனக்குன்னு வந்து படுத்துக்கினியா?" கன்னத்தைத் தட்டித் தட்டித் திட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று விரலில் சுருக்கென்றது. ரத்தம்கூட வந்தது. வீட்டுக்காரர் என் விரலைப் பார்க்காமல் முயலைத்தான் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. முயல் இன்னும் உயிரோடு இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லையாம். தை மாதம் வருகிறாளாம். இந்த முறை தோட்டத்தோடு வீடு பிடிக்கிறாளாம். வந்ததும் அதைக் கூட்டிக்கொண்டு போவாளாம்.

வீட்டுக்காரர் படித்துச் சொல்லி முடித்தார். முயல் அவர் காலடியில் அருகம்புல்லை நறநறவென்று மென்றுகொண்டிருந்தது.

"செத்துப்போச்சுன்னு எழுதுங்க" என்றேன்.

"பொய் எழுத மாட்டேன்."

மனிதர் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் தமிழில் படித்துக் காட்டினார்: 'தாங்கள் விட்டுச்சென்ற முயல் தற்போது எங்கள் வசம் இல்லை. இங்கே இருப்பது எங்கள் முயல். என் மனைவி உரிமையாளராகக் கையெழுத்திட்ட படிவம் கால்நடை மருத்துவமனையில் உள்ளது.'

"ஒரு எழுத்து பொய் இல்ல, பாத்துக்கோ" என்றார்.

"ஒட்டுங்க" என்றேன்.