கரையாத பிள்ளையார்

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு ஹாலில் மனிதர்கள் உட்கார இடம் இருக்காது. ஒரு பக்கம் என் தையல் மெஷின், அதைச் சுற்றித் தீபாவளிக்கு வந்து குவிந்த ரவிக்கைத் துணிகள். மறுபக்கம் ஈரக் களிமண், வைக்கோல், தேங்காய் நார், நடுவில் தலையில்லாத ஒரு பெரிய தொப்பை. வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள்.

தொண்ணூறுகளில் ஜாசின் டவுனுக்கு வெளியே, தாமான் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை அங்கேயே பால் மரம் வெட்டியவர். அதன்பிறகு பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். விடிந்ததும் பேக்டரி பஸ் வந்து முனையில் ஹாரன் அடிக்கும். அங்கே தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டுமாம். ஒரு தூசி விழுந்தால்கூட பொருள் கெட்டுவிடுமாம். அப்பேர்ப்பட்ட இடத்தில் இந்த மனிதர் நகத்தடியில் களிமண்ணோடு போய் நிற்பார். சூப்பர்வைசர் அம்மா பிரஷைக் கையில் கொடுத்து, போய் மறுபடி கழுவிவிட்டு வா என்று துரத்துவாராம். அதை என்னிடம் ஏதோ பரிசு வாங்கியதுபோல் வந்து சொல்வார்.

ஒவ்வொரு வருஷமும் ஜாசின் கோயிலில் சதுர்த்திக்கு வைக்கிற பிள்ளையாரை அவர்தான் செய்துகொண்டிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வயல் ஓரத்துக் களிமண்ணைச் சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவார். மூங்கிலைப் பிளந்து கூடு கட்டி, வைக்கோலைச் சுற்றி, அதன்மேல் மண்ணை அப்புவார். ஆயுதங்கள் என்று பார்த்தால் என் சமையல் கரண்டி, ஓர் உடைந்த சீப்பு, ஐஸ்கிரீம் குச்சிகள். அந்தக் கரண்டியைத் தேடி நான் கத்தாத நாள் இல்லை. வெள்ளை ரவிக்கையில் மண் தெறித்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் போர்தான். “யானையக் கட்டித் தீனி போடுறதுன்னு சொல்லுவாங்க, நான் நெசமாவே போட்டுக்கிட்டிருக்கேன்” என்பேன். அவர் சிரித்துக்கொண்டே காதை வழித்துக்கொண்டிருப்பார். அவர் காதையல்ல, பிள்ளையார் காதை.

முகத்தைக் கடைசியில்தான் தொடுவார். அதிலும் கண் எழுதுவது எல்லாம் முடிந்த பிறகு, கோயிலுக்குத் தூக்கிப்போகிற அன்று காலையில். குளித்துவிட்டு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணையும் எழுதுவார். அப்புறம் விரலால்கூடத் தொடமாட்டார். “இனிமே நம்மளுது இல்ல” என்பார்.

கோயிலில் மூன்று நாள் பூசை நடக்கும். முடிவில் பண்டாரம் பிள்ளையாரை இருந்த இடத்திலிருந்து வடக்கே கொஞ்சம் நகர்த்திவைப்பார். சாமி புறப்பட்டுவிட்டார் என்று அதற்கு அர்த்தம். பிறகு லாரியில் ஏற்றி மெர்லிமாவ் தாண்டிக் கடலுக்குக் கொண்டுபோய்க் கரைப்பார்கள். திரும்பி வந்ததும் இவர் காலியான ஹாலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “நீ தைக்கிற ரவிக்கையாச்சும் கிழியிற வரைக்கும் கெடக்கும். நான் செய்யிறதுல ஒண்ணாச்சும் நிக்கணும்னு ஆசையா இருக்கு லா.”  கரண்டியை நன்றாகக் கழுவச் சொன்னேன்.

இப்படி இருக்கையில் ஒரு வருஷம் தும்பிக்கை வெடித்துவிட்டது. எப்போதும் மெல்லிய கீறல் விழும், மண்ணைக் குழைத்துப் பூசிவிடுவார். அந்த வருஷம் நடுப் பூசையில், தீபாராதனை காட்டும்போது, தும்பிக்கை பாதியாக உடைந்து மோதகத் தட்டில் விழுந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் “ஐயையோ” என்று கத்தினாள். இவர் தலை குனிந்தவர் வீட்டுக்கு வரும்வரை நிமிரவில்லை.

அடுத்த வருஷம் ஆவணிக்கு முன்பாகவே கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கோயிலில் ஒரு விளக்கு அணைந்தாலும் ஊருக்கே கெட்டது வந்துவிடும் என்று பயப்படுகிறவர். காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“இந்த வருசமும் நீயே செய்யி தம்பி. ஆனா இந்தத் தடவையும் வெடிச்சிச்சுன்னா, அடுத்த வருசத்துலேருந்து கோலாலம்பூர்ல அச்சுல ஊத்துனதா வாங்கிடுவோம். மனசுல வெச்சுக்காத.”

“சரிங்கண்ணே” என்றார் இவர். காபி டம்ளரை எடுக்கும்போது பார்த்தேன், அவர் முகம் வெளுத்திருந்தது. பிள்ளையார் செய்வதை அவரிடமிருந்து எடுத்துவிட்டால், வருஷத்தில் மிச்சம் இருப்பது அந்த வெள்ளை உடுப்பும் பேக்டரி பஸ்ஸும்தான்.

அதற்கப்புறம் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. நாரை அதிகமாகப் போட்டுப் பார்த்தார். மணலைக் கலந்து பார்த்தார். கடைசியில் என் தம்பியிடம் போனார். அவன் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்போதும் பால்வெட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு வாளி ரப்பர் பால் வாங்கிவந்து, மண்ணில் ஊற்றிப் பிசைந்தார்.

எங்கள் ஆட்களுக்கு ரப்பர் பால்தான் சர்வரோக நிவாரணி. சிலிப்பர் அறுந்தால் பால், சைக்கிள் டியூப் ஓட்டையானால் பால், குடை கிழிந்தால் பால். அதனால் எனக்கும் அது தப்பாகப் படவில்லை, நாற்றம் மட்டும்தான் குடலைப் பிடுங்கியது. அந்த மண்ணில் முதலில் ஒரு மூஞ்சூறு செய்து சுவரின்மேல் வெயிலில் வைத்தார். நாலைந்து நாள் காய்ந்தும் அதில் ஒரு கீறல் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெயிலில் வைத்துப் பார்த்தவருக்குத் தண்ணீரில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த வருஷத்துப் பிள்ளையாரைப்போல் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. குறை சொல்லியே பழகிய என் வாய்க்கே சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மண் இழுத்த இழுப்புக்கு வந்ததாம். விரல் நகம், தும்பிக்கை மடிப்பு, வயிற்றில் சுற்றிய பாம்பின் செதில்கூடத் தெரிந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு, ஏதோ தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பவரின் சிரிப்பு. தையலை நிறுத்திவிட்டு நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று நாளும் ஒரு கீறல் விழவில்லை. தலைவர் இவர் தோளில் தட்டினார். வடக்கே நகர்த்தி, லாரியில் ஏற்றி, கடல் நிரம்பியிருந்த நேரத்தில் ஆண்கள் மார்பளவு தண்ணீர்வரை தூக்கிப்போய் இறக்கினார்கள். தலை மூழ்கியது. கற்பூரம் காட்டிவிட்டு எல்லாரும் திரும்பினோம்.

மறுநாள் காலையில் தலைவர் மூச்சிரைக்க எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, சாமி போகலப்பா! தண்ணி வத்துனதும் சேத்துல அப்படியே உக்காந்திருக்காராம். மெர்லிமாவ் கடைக்காரரு போன் பண்ணாரு. சீக்கிரம் வா லா!”

மோட்டாரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு நானும் போனேன். 

கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. சேற்றின் நடுவில், கரையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். சாயமெல்லாம் போய்விட்டது. ஆனால் காது, கை, தும்பிக்கை எதுவும் குறையவில்லை. எழுதிய கண் அழிந்தும் செதுக்கிய கண் அப்படியே இருந்தது. தலையில் வெயில் படாமல் யாரோ ஒரு சாக்கைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டினார்.

“தோக் காஜா தா பாலிக்” என்றார். யானைத் தாத்தா திரும்பி வந்துவிட்டார் என்று. சாக்கைப் போட்டது அவர்தான்.

அதற்குள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பெண்கள் முட்டிவரை சேற்றில் இறங்கி, தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது நெஞ்செல்லாம் சேறு. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“போக மாட்டேங்கிறாருப்பா. நம்ம கூடவே இருக்கேன்னு சொல்றாரு. கோயில்ல தனியா ஒரு மண்டபம் கட்டி, நெரந்தரமா வெச்சிடுவோம். நீ செஞ்ச சாமி, காலத்துக்கும் நிக்கும்.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலத்துக்கும் நிற்கும் என்ற சொல் அவர் காதில் போய் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து மூடியது. சும்மா இருந்தால் போதும். தலையை ஆட்டக்கூட வேண்டாம். ரப்பர் பால் விஷயம் என்னையும் என் தம்பியையும் தவிர யாருக்கும் தெரியாது. நாங்கள் சொல்லப்போவதுமில்லை.

“அண்ணே” என்றார். “இது அதிசயம் இல்லண்ணே. வெடிக்கக் கூடாதுன்னு நான் மண்ணுல ரப்பர் பால் ஊத்துனேன். அதான் கரையல.”

தலைவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சரி, ஊத்துன. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். ஜனங்க எவ்வளவு நம்பிக்கையா கும்பிடறாங்க பாரு.”

“அதனாலதாண்ணே சொல்றேன். நேத்தே வடக்கே நகர்த்தியாச்சு. சாமி போயிட்டாரு. இங்க உக்காந்திருக்கறது என் கைவேலை. எனக்குக் கற்பூரம் காட்ட விடறதா?”

எனக்குத் தாங்கவில்லை. வருஷம் முழுக்க அந்த மண்ணைத் திட்டியவள் நான். என் ஹால், என் கரண்டி, என் ரவிக்கை என்று சண்டை போட்டவள். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “விட்டுடுங்களேன். இது ஒண்ணாச்சும் இருக்கட்டுங்க. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க” என்றேன். பொய்யானால் ஆகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

தலைவர் கோபத்தோடு கரைக்குப் போய், பெண்களைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே விலகியது. தேங்காய் உடைத்த பெண் ஒருத்தி எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பெரியவர் மட்டும் வலையைக் கீழே வைத்துவிட்டு வந்து, தன் சாக்கை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். இவர் சட்டையைக் கழற்றினார். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது.

சாதாரண மண் என்றால் அதுவே கரைந்துவிடும். இதைப் பிய்க்க வேண்டியிருந்தது. வயிற்றில் விரலை விட்டுப் பிளந்தார். வெளியில் வைக்கோலும் மூங்கிலும் வந்தன. கைகள், கால்கள், பாம்பு என்று ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தண்ணீரில் வைத்து, மண் தனியாகவும் ரப்பர் தனியாகவும் பிரியும்வரை பிசைந்தார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். வெள்ளை வெள்ளையாக ரப்பர் கையில் சுற்றிக்கொண்டது. அதையெல்லாம் சேர்த்து உருட்டி, பெரியவர் கொடுத்த வாளியில் போட்டேன். தண்ணீர் முட்டிக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது.

கடைசியில் முகம் மட்டும் அவர் கையில் இருந்தது. தும்பிக்கையும் இரண்டு கண்ணும் அந்தச் சிரிப்பும். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். அலை வந்து தட்டியது, அவர் அசையவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை.

பிறகு அதை என்னிடம் நீட்டினார். “என்னால முடியல. நீ செய்யி.”

வாங்கிக்கொண்டேன். தும்பிக்கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, அவர் கட்டைவிரல் அழுத்திய பள்ளம். என் விரல் அதில் போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது தலைவர் வேட்டியோடு தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். எப்போது இறங்கி வந்தாரோ தெரியவில்லை. என் கையில் கடைசியாக இருந்த மண்ணைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“அடுத்த வருசம் வெறும் மண்ணுலயே செய்யி தம்பி” என்றார். “வெடிச்சா வெடிச்சிட்டுப் போகட்டும்.”

இவர் தலையை மட்டும் ஆட்டினார். மண் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.