சிரிப்பு முந்திக்கொண்ட வசனம்

அந்த மருத்துவமனையில் சின்னக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. வேலை என்னவோ வார்டு உதவியாளர் வேலைதான். ஆனால் அவருடைய மலைமக்களின் மொழி அங்கே வேறு யாருக்கும் புரியாது. நோயாளி கால் மணி நேரம் புலம்புவதை டாக்டர் காதில் நாலே சொல்லில் போட்டுவிடுவார். ஒரு வலிகூட விட்டுப்போகாது.

கைக்கட்டு மாற்ற வந்த இளம் இயக்குநர் ஒருவர் அதைக் கேட்டு அசந்துபோனார். அவரும் அதே இனம். அந்த மொழியிலேயே முழுநீளப் படம் எடுத்திருந்தார். வெளிநாட்டுத் திரைப்பட விழாவில் திரையிட அழைப்பும் வந்துவிட்டது. திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள்தான் வளவளவென்று இருந்தன.

"ஒரு வசனத்துக்கு ரெண்டு வரிதான்க்கா. சுருக்கித் தருவீங்களா?"

"டாக்டர்கிட்ட எனக்கு ரெண்டு வரி யாரு தம்பி குடுக்கறாங்க?" என்றார் சின்னக்கா.

ஒரு மாதம், வேலை முடிந்ததும் நேரே படத்தொகுப்பு அறைக்குப் போனார். அவர் சொல்லச் சொல்ல இயக்குநர் வெளிநாட்டார் படிக்கும் மொழியில் எழுதினார். படத்தில் ஓரிடத்தில் குமாஸ்தா ஒரு பெண்ணிடம் கேட்கிறான்: "வீட்டுக்காரர் உயிரோட இருக்காரா?" அவள் சொல்கிறாள்: "சாப்பாட்டு நேரத்துல மட்டும்."

"இது அவங்களுக்குப் புரியாதுக்கா, எடுத்துடலாம்."

"புருஷன்னு ஒருத்தன் இருக்கற எல்லா ஊர்லயும் புரியும். இருக்கட்டும்."

விழாவுக்கு இயக்குநர் அவரையும் அழைத்துப் போனார். அந்த இடம் வந்தபோது அரங்கமே வெடித்துச் சிரித்தது. சின்னக்காவின் முகம் மட்டும் சுண்டிப்போனது. கேள்வியும் பதிலும் திரையில் ஒன்றாக விழுந்துவிட்டன. நடிகை வாய் திறக்கும் முன்பே எல்லோரும் படித்துவிட்டார்கள்.

"ஜனங்க சிரிச்சாங்களேக்கா!"

"எழுத்தைப் பாத்துச் சிரிச்சாங்க தம்பி. அவ பேசினது ஒருத்தர் காதுலயும் விழல. நம்ம பேச்சு நாலு பேருக்குக் கேக்கணும்னுதானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

இயக்குநருக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை, தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து இருவரும் அந்த வசனத்தை இரண்டாகப் பிரித்தார்கள். அதோடு விடவில்லை, அப்படி முந்திக்கொண்ட இன்னும் பதினோரு இடங்களையும் சரிசெய்தார்கள்.

பிற்பகல் காட்சியில் முதலில் கேள்வி மட்டும் வந்தது. அரங்கம் காத்திருந்தது. நடிகை பதில் சொன்னாள், கணீரென்று கேட்டது. அவள் உதடு மூடும்போது எழுத்து வந்தது, சிரிப்பும் வந்தது.

படம் முடிந்து வெளியே வரும்போது ஒரு வெளிநாட்டுப் பெண்மணி தன் கணவரை இடித்து, அந்தப் பதிலை அதே மொழியில் சொல்லிப் பார்த்தார். பாதி தப்பு. சின்னக்கா நின்று, உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த மொழியில் வந்த மூன்று படங்களுக்கும் அவர்தான் வரி அமைத்தார். வார்டு வேலையை மட்டும் விடவில்லை.