நூற்று மூன்றில் இருந்த ஒன்று

ஐம்பதுகளின் நடுவில் நான் இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்தேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே தேயிலையைப் பெட்டிகளில் அடைக்கும் அறை, பெட்டிக்காம்பரா, எனக்குப் பொறுப்பு. தகட்டில் வெட்டிய அச்சைப் பெட்டியின் மேல் வைத்துக் கறுப்பு மையைத் தடவினால் தோட்டத்தின் பெயரும் எடையும் இலக்கமும் பதியும். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் என் விரல்கள் கறுப்பாகவே இருக்கின்றன என்பதுதான் அப்போது என் மனைவிக்கு இருந்த ஒரே மனக்குறை.

ஒருநாள் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர், எங்கள் பெரிய தொரை, காம்பராவுக்குள் வந்தார். கையில் ஒரு படம். தானே பென்சிலால் வரைந்தது. தொரைமார் கிளப்பின் மைதானத்துக்கு ஒரு ஸ்கோர் போர்டு வேண்டுமாம். ஆண்டுக்கு ஒருமுறை அங்கே தொரைமார் அணிக்கும் உத்தியோகத்தர்களான எங்கள் ஸ்டாப் அணிக்கும் கிரிக்கெட் நடக்கும். அதுவரை ஓட்டக் கணக்கை யாராவது ஓடிப்போய்க் கூடாரத்தில் கேட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும். வருவதற்குள் கணக்கு மாறிவிடும்.

"இங்கிலாந்துல எல்லா கிரவுண்டிலும் இருக்கு. நமக்கும் வேணும்" என்றார் தொரை.

உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து நானும் தச்சரும் செய்தோம். மேலே முதலில் ஆடிய அணியின் ஓட்டத்துக்கு இரண்டு கட்டம். நடுவில் இப்போது ஆடும் அணியின் ஓட்டத்துக்கு இரண்டு கட்டம். கீழே விழுந்த விக்கெட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆணி, இலக்கப் பலகையை மாட்ட. இலக்கங்களை என் அச்சுத் தகடுகளாலேயே பதித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு பெரிய தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்கு அனுப்பத் தயாராக நிறுத்தி வைத்திருப்பதுபோல இருக்கும்.

ஓட்டத்துக்கு இரண்டு கட்டம் போதும் என்பது தொரையின் தீர்மானம். போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது. எங்கள் ஆட்கள் அறுபதைத் தாண்டியதாக யாருக்கும் ஞாபகமில்லை. தொரைமாரும் நூறைத் தொட்டதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களுக்கு ஆட்டத்தில் அவ்வளவு பிடிப்பு இருக்காது.

எங்கள் அணிக்குத் தலைவர், ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைக் கவனித்த டீமேக்கர் ஐயா. தோட்டத் தமிழர்களான எங்கள் சனங்களின் ஓட்டுரிமையை அரசாங்கம் பறித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. "ஓட்டுத்தான் இல்ல, ஓட்டமாவது எடுங்கடா" என்று பயிற்சியின்போது சத்தம் போடுவார். அணியில் கிளாக்கர்மார், கணக்கப்பிள்ளைமார், டிஸ்பென்சரி ஐயா எல்லாரும் இருந்தார்கள். ஆட்டக்காரர்களை மைதானத்துக்கு ஏற்றிப்போக லொறி வேண்டும். லொறி பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியிடம் இருந்தது; அவரை எல்லாரும் நானா என்போம். ஆகவே நானாவும் அணியில் இருந்தார்.

நானா நல்ல பருமன். தன் கடைத் துணியிலேயே வெள்ளைக் காற்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வருவார். மட்டையை அவர் பிடிக்கும் விதம், பாயைத் தொங்கவிட்டுத் தூசி தட்டுகிறவர் தடியைப் பிடிப்பதுபோல இருக்கும். அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் முதல் பந்திலேயே வெளியேறியவர். ஒவ்வொரு முறையும் "பந்து சரியில்ல தம்பி" என்பார்.

அந்த ஆண்டு தொரைமார் முதலில் ஆடித் தொண்ணூற்றேழு எடுத்தார்கள். போர்டின் மேல் வரிசையில் நான் தொண்ணூற்றேழை மாட்டியபோது கூடாரத்திலிருந்து கைதட்டல் வந்தது. இலக்கம் இவ்வளவு அழகாகத் தெரிகிறதே என்று தொரையே எழுந்து நின்று பார்த்தார். லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த சனங்கள் எல்லைக்கு வெளியே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றார்கள். அவர்கள் நிற்க அனுமதிக்கப்பட்ட இடம் அதுதான். ஆனால் அங்கிருந்து போர்டு நன்றாகத் தெரியும்.

தொரையின் மனைவி தொரைசாணியிடம் ஒரு சினிமாக் கமெரா இருந்தது. கையடக்கமானது, சாவி கொடுத்தால் ஓடும். கொஞ்ச நேரம் ஓடியதும் நின்றுவிடும், திரும்பவும் சாவி கொடுக்க வேண்டும். அன்று முழுக்க அவர் கிரிக்கெட்டைப் படம் எடுத்தார். அதாவது கிரிக்கெட் நடந்த இடத்தைப் படம் எடுத்தார். தொப்பி வைத்த மற்றத் தொரைசாணிமார், தேநீர்க் கோப்பைகள், தன்னுடைய நாய்.

எங்கள் ஆட்டம் எப்போதும்போலத் தொடங்கியது. விக்கெட்டுகள் விழுந்தன. ஆனால் டீமேக்கர் ஐயா ஒரு பக்கம் அசையாமல் நின்றார். எண்பதைத் தாண்டி ஏழாவது விக்கெட்டும் விழுந்தபோது நானா இறங்கினார். செடிகளுக்குள் இருந்தவர்கள் வீட்டுக்குப் போகப் பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

முதல் பந்து நானாவின் மட்டையில் படவில்லை. இரண்டாவதும் படவில்லை. பிறகு டீமேக்கர் ஐயா மறுமுனையிலிருந்து ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்துக் கணக்கைத் தொண்ணூற்றேழுக்குக் கொண்டுவந்தார். சமன். ஒரே ஓட்டம் வேண்டும். பந்து வந்தது. நானா கண்ணை மூடிக்கொண்டார் என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் வாயையும் மூடவில்லை, கண்ணையும் மூடவில்லை. பாயைத் தட்டினார். அவ்வளவுதான். பந்து கூடாரத்துக்கு மேலாகப் போய்த் தேயிலைக்குள் விழுந்தது. ஆறு ஓட்டம்.

தொரைசாணி அந்த நேரத்தில் கமெராவுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

நூற்று மூன்று. கட்டமோ இரண்டு. பூச்சியத்தையும் மூன்றையும் மாட்டினேன். ஒன்று கையில் மிஞ்சியது. மாட்ட ஆணி இல்லை. ஆகவே அந்த ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பூச்சியத்துக்கு இடப்பக்கத்தில் நானே நின்றேன். சனங்கள் பார்த்துப் புரிந்துகொண்டு கத்தினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தொரைசாணி கமெராவோடு போர்டுக்கு நேரே வந்தார். ஒரு கண் கமெராவில். மற்றக் கையால் என்னை விலகச் சொல்லிச் சைகை காட்டினார். எனக்கு விளங்கவில்லை.

"தள்ளிப் போ! போர்டு நல்லாத் தெரியணும்" என்று தொரை பின்னாலிருந்து சொன்னார்.

நான் விலகினேன். ஒன்றும் என்னோடு வந்துவிட்டது.

தொரை நல்ல மனிதர். தோற்றதற்கு முகம் கோணவில்லை. நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "முதலாளி, நல்ல அடி" என்றார். நாங்கள் லொறியில் பஜாரை இரண்டு முறை சுற்றி வந்தோம். நானா முன்னால் உட்கார மறுத்துப் பின்னால் எங்களோடு நின்றுகொண்டு, பார்த்தவர்களுக்கெல்லாம் கைகாட்டினார்.

படச்சுருள் கழுவுவதற்காகக் கப்பலில் இங்கிலாந்துக்குப் போனது. அதற்குள் நானா தன் வெற்றியைக் கண்டி வரை பரப்பிவிட்டார். அங்கே அவர் மனைவியின் தம்பி இருந்தார். நகைக்கடை வைத்திருப்பவர், எதையும் உரசிப் பார்க்காமல் நம்ப மாட்டார். "மச்சான் ஆறு அடிச்சாராம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். "படம் வரட்டும். படம் பொய் செல்லாதுதானே" என்று நானா பதில் அனுப்பினார். சொல்லாது என்பதை அவர்கள் செல்லாது என்பார்கள்.

படம் மாதங்கள் கழித்து வந்தது. முதலில் கிளப்பில் காட்டினார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தோட்டத்து ஆட்களுக்கும் காட்டலாம் என்று தொரை மனம் வைத்தார். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, வெள்ளைத் துணியொன்றைக் கட்டினோம். துணி நானா கொடுத்தது. மனைவி மக்களோடு அவர் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் கண்டியிலிருந்து வந்த மைத்துனர்.

மெஷினைத் தொரையே ஓட்டினார். படத்தில் சத்தம் இல்லை. அந்தக் குறையைச் சனங்கள் தீர்த்தார்கள். கோப்பைகளைப் பார்த்துச் சிரிப்பு. தொப்பிகளைப் பார்த்துச் சிரிப்பு. நானா மட்டையோடு நடந்து போவது பின்பக்கமாகத் தெரிந்தபோது மாடி அதிர்ந்தது. நானா எழுந்து சலாம் வைத்தார். அடுத்து ஆறு வரப்போகிறது என்று எல்லாரும் காத்திருக்க, நாய் வந்தது. நாய் வெகுநேரம் ஓடியது. பிறகு நான்.

"டேய், நம்ம பெட்டிக்காம்பரா ஆளுடா!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்த்தார்கள். அதற்குள் நான் விலகிவிட்டேன். போர்டு மட்டும் துணி நிறைய நின்றது. மேலே தொண்ணூற்றேழு. நடுவில் பூச்சியம் மூன்று. கீழே ஏழு. தொரைசாணி அன்று செலவிட்ட சுருளிலேயே அசையாமல், தெளிவாக எடுத்தது அதுதான். ஒவ்வோர் இலக்கமும் பளிச்சென்று தெரிந்தது.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "ஏழு பேரு அவுட்டாகி மூணு ரன்னா? இதுக்கா லொறியில ஊர்வலம் வந்தீங்க?"

மைதானத்தில் நின்று கண்ணால் பார்த்தவர்களும் சிரித்தார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. அவர்களில் பலர் அன்று எனக்குக் கைதட்டியவர்கள்.

மைத்துனர் நானாவின் பக்கம் சாய்ந்தார். "மச்சான், மூணுதானே இரிக்கி."

"அது நூத்தி மூணு!"

"நூறு எங்க?"

"அந்தா, அவர்ட கையில இரிந்திச்சி!" நானா என்னைக் காட்டினார். மைத்துனர் திரும்பி என் கையைப் பார்த்தார். கையில் மை மட்டும்தான் இருந்தது.

"ஸ்கோர் புத்தகத்துல இருக்குங்க" என்று டீமேக்கர் ஐயா சொல்லிப் பார்த்தார். இருந்தது உண்மைதான். ஆனால் புத்தகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது துணியை.

நானா எழுந்து தொரையிடம் போனார். "தொர, இன்னொருக்கா போடுங்க."

தொரைக்கு அன்று நல்ல மனநிலை. இன்னொரு முறை போடுவதைவிடப் பின்னோக்கி ஓட்டிக் காட்டினால் சனங்களுக்கு வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தார். அந்த மெஷினில் அந்த வசதி உண்டு. விசையைத் திருப்பினார். போர்டு நின்றது, நின்றது. திடீரென்று துணியின் ஓரத்திலிருந்து நான் பின்பக்கமாக நடந்து வந்தேன். நெஞ்சில் ஒன்று. வந்து பூச்சியத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நிப்பாட்டுங்க! தொர, நிப்பாட்டுங்க!" என்று நானா அலறினார்.

தொரை நிறுத்தினார். படம் அசையாமல் நின்றது. ஒன்று, பூச்சியம், மூன்று. நானா துணிக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "இந்தா. இந்தா. இந்தா."

அவர் மூன்றைத் தொடுவதற்குள் என் நெஞ்சில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றியது. அது பெரிதாகிக் கொப்பளித்தது. ஒன்று உருகியது. பிறகு என் தலை. பிறகு பூச்சியம். விளக்கின் சூட்டில் நின்ற படம் பொசுங்குகிறது என்று எங்களுக்கு விளங்குவதற்குள் துணி வெள்ளையாகிவிட்டது. மாடியெல்லாம் தீய்ந்த வாடை. நெருப்பு என்று நினைத்துச் சிலர் படியிறங்கி ஓடினார்கள்.

நானா மைத்துனரைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்கதானே?"

மைத்துனர் யோசித்தார். "ஆளைப் பாத்தேன் மச்சான். நெருப்பையும் பாத்தேன். நம்பரைக் கவனிக்கல்ல."

அன்று நானாவின் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. கோபமில்லை. மழைக்கு ஒதுங்கப் போனவர், கதவு கண்ணெதிரே சாத்தப்பட்டதும் நிற்பாரே, அப்படி நின்றார். அவர் மனைவிதான் எழுந்துவந்து, "வாங்க, வீட்டுக்குப் போவம். நான் நம்புறேன்" என்றார். நானா அவரை ஒருமுறை பார்த்தார். மனைவி நம்புவது அவருக்குப் போதவில்லை என்பது தெரிந்தது.

பொசுங்கிய துண்டை முன்னும் பின்னும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டுத் தொரை படத்தை ஒட்டினார். இப்போது படத்தில் நான் இல்லை, ஒன்றும் இல்லை. நாய்க்கு அடுத்து நேரே போர்டு. முன்னைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று தொரைசாணி சொன்னாராம்.

ஆனால் தொரைக்கு மனதில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு முன் மறுபடியும் பென்சில் படத்தோடு வந்தார். "மூணு கட்டம் வை" என்றார். வைத்தேன். மூன்று ஆணி. ஒன்று என்ற இலக்கப் பலகையைப் புதிதாகவும் கொஞ்சம் பெரிதாகவும் செய்தேன். அந்த ஆண்டு லொறி வந்தது, நானா வரவில்லை. கடையில் ஆளில்லை என்று டிரைவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். அவர் இடத்தில் ஆடிய கிளாக்கர் முதல் பந்திலேயே வெளியேறினார். எங்கள் அணி நாற்பதில் முடிந்தது. தொரைமார் சுலபமாகத் தாண்டிவிட்டு, பொழுது மிச்சமிருந்ததால் தொடர்ந்து ஆடினார்கள். நூற்றுப் பதினெட்டு. முதல் ஆணியில் ஒன்றை மாட்டினேன். யாரும் பிடிக்காமலே அது நின்றது. தொரைசாணி வந்து படம் எடுத்தார்.

மறுவாரம் சட்டைத்துணி வாங்கக் கடைக்குப் போனேன். நானா துணியை விரித்துக்கொண்டே கேட்டார்.

"போர்டைப் படம் எடுத்தாங்களாம்?"

"எடுத்தாங்க நானா."

"நூறு தெரியுதா?"

"நல்லாத் தெரியும்."

கத்தரிக்கோலை எடுத்தவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப தொரக்கிட்டச் செல்லி அந்தப் படத்தைக் கண்டியில காட்ட ஏலாதா தம்பி? யார் அடிச்சதுன்னு போர்டுல போடலதானே?"

போடவில்லைதான். பேருக்குக் கட்டம் வைக்கச் சொல்லித் தொரை வரைந்திருக்கவில்லை.