தரிசுக்குத் தீட்டிய ஊதா

முட்டாள்தனத்தில் எனக்குப் போட்டியே கிடையாது. நகரமைப்பு அலுவலகத்தில் இருந்தபோது, தொழிற்பேட்டைக்கு இடம் குறித்து வர என்னைக் கல்வராயன் மலையடிவாரத்துக்கு அனுப்பினார்கள். அஞ்சலை என்பவரின் நிலம் முழுக்கப் புதர். வெயில் தாங்காமல் அவர் வீட்டுப் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் குறட்டை விட்டேன். எழுந்ததும் வரைபடத்தில் அந்த நிலத்தைத் 'தரிசு' என்று எழுதி, தொழிற்சாலைக்கான ஊதா நிறத்தைத் தீட்டினேன்.

அஞ்சலை எட்டிப் பார்த்தார். "இன்னா சார் எழுதிக்கினு இருக்கீங்க?"

"சும்மா கிடக்குற நிலம்தானேம்மா. ஃபேக்டரி வரும்."

"சும்மாவா? சாமை அறுத்துட்டு ரெண்டு வருசம் ஓய்வுக்கு வுட்டுருக்கோம். வர்ற ஆடியில விதைக்கணும். இத வுட்டா எங்களுக்கு வேற நிலம் இல்லீங்க."

சாலையில் எனக்காகக் காத்திருந்த அலுவலக ஜீப்பின் ஹாரன் அலறியது. சாயங்காலத்துக்குள் படம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ரப்பர் போட்டுத் தேய்த்தேன்; ஊதா அழியவில்லை.

"ஒண்ணும் செய்யாம கிடந்தா தரிசுதானேம்மா?" என்று சமாளித்துப் பார்த்தேன்.

அன்று அந்தப் படத்தைக் கிழித்துவிட்டு, மேலதிகாரியிடம் திட்டு வாங்கிக்கொண்டே புதிதாக வரைந்தேன். பிறகு எந்த நிலத்தைப் பார்த்தாலும் 'தரிசு' என்று எழுதும் முன் கை தயங்கும். காரணம், அஞ்சலை சொன்ன பதில்:

"இம்மா நேரம் நீங்களுந்தான் தூங்குனீங்க, உங்கள தரிசுன்னா எழுதுனோம்?"