குப்பத்தை வெட்டிய கை

தேவதாஸ் எடுத்த படம் என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. புதுச்சேரியில் பதினெட்டு வருஷம் ஸ்டூடியோ வேலை பார்த்தவர், கேமராவைத் தொட்டதில்லை. அவர் வேலையெல்லாம் உள்ளே, இருட்டறையில். கழுவுவது, பெரிதாக்குவது, கடைசியில் பிளேடை எடுத்து ஓரங்களை வெட்டுவது. வெட்டுவதில்தான் மனுஷனுக்குக் கர்வம். சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனால் கல்யாணப் படம் அவரிடம்தான் திரும்பி வரும். மாமியார் நின்ற இடத்தில் வாழைமரம் மட்டும் நிற்கும்படி முடித்துக் கொடுப்பார்.

படம் எடுக்கிறவன் கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிடுகிறான், எது வேண்டாம் என்று சொல்லத் தன்னைப் போல் ஓர் ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி. மனைவி கமலவேணியிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது இதைச் சொல்லிவிடுவார். அந்த அம்மாள் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

எழுபத்தேழாம் வருஷம் முதலாளி ஒகுஸ்த் ஒரு ரஷ்ய கேமரா வாங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். புதுச் சாமான் என்றால் உயிர். இந்தக் கேமராவில் லென்ஸே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திரும்பும், ஆகவே படம் அகல அகலமாக விழும். குருசுக்குப்பத்துப் பாவாடை மீன் பிடிக்கப் போகும்போது அவனுடைய கட்டுமரத்திலேயே ஏறிப்போய், கடலில் உட்கார்ந்தபடி ஊரை எடுத்து வந்தார். ஒரு ரோல் முழுக்க அலை குலுக்கித் தீர்த்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் நேராக வந்திருந்தது.

அந்த ஒன்று போதும். இடதுகோடியில் கலங்கரை விளக்கம், அதிலிருந்து வரிசையாக வெள்ளைக் கட்டடங்கள், மாதாகோயில் கோபுரங்கள், பிறகு தென்னந்தலைகள், வலதுகோடியில் குருசுக்குப்பத்து அம்மன் கோயில், அதையும் தாண்டிக் கூரை வீடுகள். பிறந்து வளர்ந்த ஊரை முழுசாக ஒரே பார்வையில் தேவதாஸ் அதுவரை பார்த்ததில்லை. காகிதத்தில் படம் மெல்ல எழும்பி வந்தபோது அவர் தட்டின்மேல் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

கடை முகப்பில் கண்ணாடிக்குள் மாட்டலாம், எப்படி வெட்டினால் எடுப்பாக இருக்கும் என்று நீயே பார்த்துக்கொள் என்று ஒகுஸ்த் சொல்லிவிட்டுப் போனார். தேவதாஸ் கறுப்பு அட்டையில் செய்த இரண்டு மூலைச் சட்டங்களைப் படத்தின்மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். மேலே வானம் கொஞ்சம் போனது, கீழே தண்ணீர் கொஞ்சம் போனது. நீளத்தில் மட்டும் கை வைக்க மனம் வரவில்லை. முதலாளிமேல் அவருக்கு இரண்டு குறைகள் இருந்தன. அம்மன் கோயில் கலசத்தின்மேல் ஒரு பனைமரம் முளைத்த மாதிரி நின்றது. கலங்கரை விளக்கத்தின் தலையில் புகை மாதிரி ஒரு கறை. இரண்டையும் தூரிகையால் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பாவாடை வந்தான். அவனுக்கும் தேவதாஸ் வயதுதான், நாற்பது இருக்கும். கட்டுமரத்தில் ஏற்றிப்போனதற்கு ஒரு பிரதி தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது. கோயிலுக்கு வடக்கே தன் கூரையைத் தேடிப் பிடித்து, வாசலில் எள்ளளவு தெரிந்த புள்ளியைக் காட்டி, அஞ்சலாட்சி கருவாடு காயப்போடுகிறாள் என்றான். பெண்டாட்டியையும் வீட்டையும் படத்தில் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று சிரிப்பை நிறுத்தினான்.

"இத வெளிய மாட்டப் போறீங்களா சார்?"

ஆமாம் என்றதும் அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. முதலாளியைக் கூட்டிப்போய் நிறுத்திய இடத்துக்கு அடியில் பாறை இருக்கிறது. அவன் அப்பா கண்டுபிடித்து அவனுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனது. ஊரே வெறும் வலையோடு திரும்பும் நாளிலும் அங்கே கலவா மீன் கிடைக்கும். அவன் வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான். கலசத்துக்குப் பின்னால் பனை ஒளிந்து தலை மட்டும் தெரிய வேண்டும். அதே நேரம் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் மில் புகைபோக்கி மறைய வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைகிற இடம் அத்தனை பெரிய கடலில் ஒன்றே ஒன்று. குப்பத்து ஆள் எவன் இந்தப் படத்தைப் பார்த்தாலும் மறுநாளே நேராக அங்கே போய் நிற்பான்.

தேவதாஸ் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். கறை என்று நினைத்தது மில் புகை. குறை என்று அழிக்கப் பார்த்த இரண்டும் சேர்ந்து, படத்திலேயே இல்லாத ஓர் இடத்தை, தண்ணீருக்கு அடியில் கிடக்கிற ஒரு பாறையைக் காட்டிக்கொண்டு நின்றன. இத்தனை வருஷமாகப் படம் பார்க்கத் தெரிந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பனையை மட்டும் தூரிகையால் அழித்துவிடவா என்று கேட்டார். கலசத்துக்குப் பின்னால் எப்போதும் இருக்கிற பனை இல்லையென்றால் குப்பத்துச் சின்னப்பிள்ளைகூட ஏன் என்று கேட்கும் என்றான் பாவாடை. அப்படியானால் ஒரு கோடியை வெட்டியாக வேண்டும். கலங்கரை விளக்கத்தை வெட்டினால் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தேவதாஸ் கறுப்புச் சட்டத்தை வலதுபக்கம் வைத்தார். பனையும் கோயிலும் ஒன்றின் பின் ஒன்று, பிரிக்க முடியாது. கோயில் போனால் அதற்கு அப்பால் இருக்கிற கூரைகளும் போகும். அவருக்குக் கை ஓடவில்லை.

"வெட்டுங்க சார். என் ஊடு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றான் பாவாடை.

வெட்டியதும், வீடு இருக்கும் துண்டை மட்டும் தருவதாகச் சொன்னார். மிச்சம் எங்கே என்று குப்பத்தில் கேட்பார்கள் என்று வேண்டாம் என்றுவிட்டான். துண்டைக் கொளுத்தியாயிற்று. நெகடிவை தேவதாஸ் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பாவாடை போகிற வழியில் நின்று, "படத்த வெட்டிட்டீங்க. நீங்க பாத்துட்டீங்களே" என்றான்.

வெட்டிய படம் கண்ணாடிக்குள் ஏறியது. குப்பம் இல்லாததால் ஊர் இன்னும் எடுப்பாக இருக்கிறது என்று ஒகுஸ்த் மெச்சினார். அந்த மெச்சல் தேவதாஸுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வாரக்கடைசியில் குருசுக்குப்பத்திலிருந்து பதினைந்து பேர் வந்து கடை வாசலில் நின்றார்கள். ஊர் முழுக்க இருக்கிறது, எங்கள் குப்பம் மட்டும் எங்கே, நாங்கள் என்ன இந்த ஊர் இல்லையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கூட்டத்தில் பாவாடையும் இருந்தான், எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். அவன் கத்தித்தான் ஆக வேண்டும். படத்துக்கு நன்றாக இல்லை, வெட்டினேன் என்று சொல்லிவிட்டு தேவதாஸ் உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் குப்பத்தை வெட்டிய ஆள் ஆனார். குபேர் மார்க்கெட்டில் குப்பத்துப் பெண்கள் கமலவேணிக்கு நல்ல மீனாகக் கொடுக்க மறுத்தார்கள். ஏன் இந்த வேலை செய்தீர்கள் என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள். அவளிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதமல்ல, ஒரு வருஷம் முழுக்க.

அடுத்த வருஷம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேவதாஸ் வீட்டு வாசலில் பாவாடை வந்து நின்றான். ஸ்டூடியோக்காரருக்குக் கடலைக் காட்டி வருகிறேன், இனிமேல் நம் குப்பத்தை வெட்டமாட்டார் என்று கரையில் சொல்லிவிட்டு வந்திருந்தான். கட்டுமரத்தில் தேவதாஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரை சுருங்கிக்கொண்டே போனது. ஓர் இடம் வந்ததும், திரும்பிப் பாருங்கள் என்றான்.

படத்தில் ஒட்டிக்கிடந்தவை இங்கே நகர்ந்துகொண்டிருந்தன. மில் புகைபோக்கி மெல்ல வந்து கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் நுழைந்தது. கலசத்தை நோக்கிப் பனை அடியடியாக வந்தது, வந்து பின்னால் நின்றது. பாவாடை ஈயக்குண்டு கட்டிய கயிற்றை அவர் கையில் கொடுத்தான். கயிறு போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று உள்ளங்கையில் ணங்கென்று ஓர் அதிர்வு. கண்ணுக்குத் தெரியாத பாறை அவர் கையைத் தொட்டுவிட்டது. தேவதாஸுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"எங்கப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்" என்றான் பாவாடை. அவ்வளவுதான் சொன்னான். குனிந்து தூண்டிலுக்கு இரை மாட்ட ஆரம்பித்தான்.

தேவதாஸ் கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் கட்டுமரம் நீரோட்டத்தில் நகர்ந்து, கலசத்துக்கு வடக்கே, பனைக்கும் அதற்கும் நடுவில், ஒரு நூல் இடைவெளி தெரிந்தது.

"பாவாடை, பனை விலகுது" என்றார்.

பாவாடை நிமிர்ந்து கரையைப் பார்க்கவில்லை. அவர் சொன்னதை நம்பித் துடுப்பை எடுத்துப் போட்டான்.